முன் டிஸ்க் ஆடுகிறது, சத்தம் போடுகிறது: டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

கேள்வி: சார், பெருங்குடியில் இருக்கிறேன், வேலை ஓ.எம்.ஆரில். போன வருடம் 2018 மாடல் நிஞ்ஜா 650 ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இப்போது 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கடையில் முன் பிரேக் பேடு மாற்றினேன். அதற்கப்புறம் கொஞ்ச நாளிலேயே, ரோடு கொஞ்சம் மோசமாக இருந்தால் முன் சக்கரத்திலிருந்து கலகலவென்று சத்தம் வர ஆரம்பித்தது. பிரேக்கை லேசாகத் தொட்டால் நின்றுவிடுகிறது. பார்க்கிங்கில் பிரேக் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் 'டக்' என்கிறது. டிஸ்க்கைக் கையால் பிடித்து அசைத்தால் ஆடவும் செய்கிறது. ஒரு மெக்கானிக், பெரிய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும், விடுங்கள் என்றார். இன்னொருவர் இரண்டு டிஸ்க்கையும் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். மூன்றாவதாக ஒருவர், டிஸ்க்கில் இருக்கும் வட்ட ரிவெட்டுகளைப் பஞ்ச் வைத்து அடித்து டைட் செய்துவிடலாம், ஒரு மணி நேர வேலைதான் என்கிறார். அடுத்த மாதம் மனைவியோடு பாண்டிச்சேரி போகத் திட்டம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

வணக்கம் தம்பி. மூன்றாமவர் சொன்னதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்துவிடாதீர்கள். ஏன் என்பதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன். மற்ற இருவர் சொன்னதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஆடுவது எது என்று இருவரில் ஒருவராவது கையை வைத்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. முன் சக்கரத்தைச் சுற்றி ஆடக்கூடிய இணைப்புகள் பல இருக்கின்றன. அதில் எது ஆடுகிறது என்று தெரியும்வரை ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது, சத்தம் பேடு மாற்றிய பிறகு வந்தது என்பதுதான். டிஸ்க் தேய்வது மெல்ல மெல்ல நடக்கிற விஷயம். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடித்தான் லூசாகும். ஒரு வேலை முடிந்து சில நாளிலேயே புதிதாக ஒரு சத்தம் கேட்டால், அந்த வேலையில் கழற்றிய பொருள்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதனால் டிஸ்க் குற்றவாளி என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். அதே நேரம், டிஸ்க்கை விட்டுவிடவும் கூடாது. 31,000 கி.மீ. ஓடிய வண்டி, முன்னால் யார் எப்படி ஓட்டினார்கள் என்றும் தெரியாது.

முதலில் அந்த டிஸ்க் ஏன் ஆடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டியில் முன்னால் இரண்டு பக்கமும் 300 மி.மீ. டிஸ்க். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது ஒரே தகடு இல்லை என்று தெரியும். பேடு பிடிக்கும் வெளி வளையம் ஒன்று, சக்கரத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய உள் துண்டு ஒன்று. உள் துண்டைக் கேரியர் என்போம். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவைதான் நீங்கள் ரிவெட் என்று எழுதிய அந்த வட்டங்கள். பாபின் என்பது அதன் பெயர், கடைகளில் பட்டன் என்றும் சொல்வார்கள்.

இப்படி இரண்டு துண்டாகச் செய்ததற்குக் காரணம் சூடு. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாட்டுவதைப் பார்த்திருந்தால் உடனே புரியும்: பட்டாவைத் தீயில் காய்ச்சினால் அகலும், அந்தச் சூட்டோடு மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி இறுகும். பிரேக் டிஸ்க்கும் அப்படித்தான் அகல்கிறது. 300 மி.மீ. ஸ்டீல் வளையம் ஒன்று 300 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் கிட்டத்தட்ட 1 மி.மீ. கூடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக் பிடித்தே இறங்கினால் டிஸ்க் நன்றாகவே காயும். உள்ளே இருக்கும் கேரியர் அந்த அளவு சூடாகாது. இரண்டும் ஒரே தகடாக இருந்தால் வெளிப்பக்கம் அகல விரும்பும், உள்பக்கம் விடாது, கடைசியில் தகடு கோணும். பாபின் வைத்தால் வளையம் தன் போக்கில் அகன்று சுருங்கும். கூடவே, காலிபரின் (பேடுகளைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) இரண்டு பேடுகளுக்கும் நடுவில் வளையம் தானாகச் சரியாக உட்காரும்.

இதில் இரண்டு வகை உண்டு. ரேஸ் வண்டிகளில் வரும் முழு ஃப்ளோட்டிங் டிஸ்க்கில் பாபினுக்கு ஸ்பிரிங் வாஷர் இருக்காது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலே கலகலக்கும், அது அதன் இயல்பு. உங்கள் வண்டியில் இருப்பது செமி ஃப்ளோட்டிங். ஒவ்வொரு பாபினிலும் அலை அலையாக வளைந்த ஒரு மெல்லிய வாஷர் வளையத்தை அழுத்திப் பிடித்திருக்கும். பலமாக அசைத்தால் கொஞ்சம் நகரும், சும்மா குலுங்கிச் சத்தம் போடக்கூடாது. ஆகவே 'பெரிய வண்டி அப்படித்தான்' என்ற பதில் உங்கள் வண்டிக்கு முழுசாகப் பொருந்தாது.

எந்தத் திசையில் ஆடுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். சக்கரத்தின் பக்கவாட்டில், அதாவது வண்டியின் இடது வலமாக, வளையம் லேசாக நகர்ந்தால் அது இருக்க வேண்டிய ஆட்டம். அது இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். சக்கரம் சுழலும் திசையில், கேரியர் அசையாமல் நிற்க வளையம் மட்டும் முன்னும் பின்னும் 'டக் டக்' என்று போய் வந்தால் அது தேய்மானம். முன் பிரேக் பிடிக்கும்போது வரும் மொத்த விசையையும் அந்தப் பாபின்கள் தாங்குகின்றன. ஒவ்வொரு முறையும் ஒரே முகத்தில் இடி வாங்கி வாங்கி, வட்டமாக இருந்த ஓட்டை நீள்வட்டமாகிவிடுகிறது. கையால் அசைத்தால் ஆடுகிறது என்று எழுதினீர்கள், எந்தப் பக்கமாக என்று எழுதவில்லை. அது தெரிந்துவிட்டால் பாதி விஷயம் முடிந்தது.

சரி, இனி சோதனைக்கு வருவோம். இதற்குக் கடை தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி ஆறியிருக்கும்போது செய்யுங்கள். டிஸ்க்கை கேரியரோடும் சக்கரத்தோடும் சேர்த்துப் பார்த்து, முதலில் கேரியரைச் சக்கரத்தில் பிடித்திருக்கும் அலன் போல்ட்டுகளைப் பாருங்கள். எல்லாம் இருக்கின்றனவா, எதன் தலையைச் சுற்றியாவது துருக்கோடோ பளபளப்பான தேய்ந்த வட்டமோ தெரிகிறதா, விரலால் திருகினால் எதுவாவது சுற்றுகிறதா? ஒரே ஒரு போல்ட் லூசாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், வண்டியைக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். மற்ற எல்லாச் சத்தத்துக்கும் நேரம் கொடுக்கலாம், இதற்குக் கொடுக்க முடியாது.

போல்ட் எல்லாம் சரி என்றால், ஒரு ஒயிட்னர் பேனா எடுத்து, வளையத்திலிருந்து கேரியர் வரை ஒரே நேர்கோடாக ஒரு கோடு போடுங்கள். பேடு தொடும் பாதையில் படாமல், உள் ஓரத்தில் மட்டும். இரண்டு டிஸ்க்கிலும் போடுங்கள். நீங்கள் வண்டியில் உட்கார்ந்து முன் பிரேக்கைப் பிடித்தபடி முன்னும் பின்னும் தள்ளுங்கள், வீட்டில் ஒருவரை அந்தக் கோட்டை நெருக்கமாகச் செல்போனில் ஸ்லோமோஷனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். கோடு உடைந்து உடைந்து சேர்ந்தால் பாபினில் ஆட்டம். கோடு ஒன்றாகவே இருந்து 'டக்' மட்டும் கேட்டால் டிஸ்க் நிரபராதி, வேறு இடத்தில் தேட வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாததை இந்த வீடியோ காட்டிக் கொடுத்துவிடும். கடையிலும் இதைக் காட்டியே பேசலாம்.

வேறு இடம் என்றால் எது? தள்ளும்போது ஒரு விரலைப் பேடுக்கும் காலிபருக்கும் நடுவில் படுகிற மாதிரி வையுங்கள். 'டக்' அங்கே விரலில் தட்டினால் பேடுதான் நகர்கிறது. பேடு அதன் இருக்கையில் ஒரு முடி அளவு முன்னும் பின்னும் போவது பல வண்டிகளில் சகஜம். அடுத்து, ஹேண்டில் தண்டுக்குக் கீழே, கீழ் டியும் (ஃபோர்க்குகளைப் பிடித்திருக்கும் துண்டு) ஃபிரேமும் சேரும் இடத்தில் விரலை வையுங்கள். அங்கே தட்டினால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங், லூஸ். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களிலும் பள்ளத்திலும் கோன்செட் தளர்வது ரொம்பச் சாதாரணம். அந்தச் சத்தத்தை டிஸ்க் சத்தம் என்று நினைத்து டிஸ்க்கை மாற்றியவர்கள் உண்டு. புது டிஸ்க்கோடு அதே 'டக்' திரும்பக் கேட்கும்போது வரும் வருத்தம் சாதாரணமானதில்லை.

இப்போது என் முதல் சந்தேகத்துக்கு வருகிறேன். பிரேக்கை லேசாகத் தொட்டால் கலகலப்பு நிற்கிறது என்பதை வைத்து, டிஸ்க்கில்தான் கோளாறு என்று பலரும் முடிவு கட்டுகிறார்கள். அது தவறு. பிரேக்கைத் தொட்டதும் வளையமும் இறுகும், பேடும் இறுகும், காலிபரும் இறுகும். மூன்றில் எது குலுங்கினாலும் சத்தம் நின்றுதான் போகும். உங்கள் வண்டியின் காலிபர் இரண்டு பிஸ்டன் உள்ளது, ஸ்லைடிங் பின்களின் மேல் நகர்ந்து வேலை செய்வது. அதற்குள் பேடுகளை அழுத்திப் பிடிக்க ஒரு மெல்லிய தகடு ஸ்பிரிங் இருக்கும். பேடு மாற்றும்போது அது தொலைவதும், தலைகீழாக உட்காருவதும், வளைந்துபோவதும் நிறைய நடக்கிறது. பழுப்பேறிப் போயிருந்தால் 'இது எதற்கு' என்று தூக்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது இல்லாமலும் பிரேக் பிடிக்கும். ஆனால் ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை நடக்கும் பக்கமாகப் போனால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பேடு காலிபருக்குள் கலகலக்கும்.

ஸ்லைடிங் பின்னும் அப்படித்தான். அதற்கென்று சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும். பின் மேல் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்து மண்ணும் தண்ணீரும் போனால் ஒன்று பின் இறுகும், இல்லை தேய்ந்து லொடலொடவென்று ஆடும். இறுகினால் ஒரு பக்கப் பேடு மட்டும் சீக்கிரம் தேயும். உள் பேடும் வெளிப் பேடும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று மாதத்திலேயே வித்தியாசம் தெரிந்தால் பின்னைக் கவனிக்க வேண்டும். (சின்ன வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை: உங்கள் டிஸ்க் பெரும்பாலும் ஒரே தகடு, அதில் பாபின் கிடையாது. அதில் கலகலப்பு வந்தால் பேடு ஸ்பிரிங்கும் ஸ்லைடிங் பின்னும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.)

இதை உறுதி செய்ய காலிபரைக் கழற்றியாக வேண்டும். பேடாக் ஸ்டாண்டில் (சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட்) முன் சக்கரத்தைத் தூக்கி, காலிபர் போல்ட்டைக் கழற்றி, காலிபரைக் கயிற்றால் ஃபோர்க்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். பேடுகளுக்கு நடுவில் ஒரு மரத்துண்டு வைத்துவிடுங்கள், யாராவது மறந்து லீவரைப் பிடித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். இதுவரை செய்து பழக்கம் இல்லை என்றால் இந்தக் கட்டத்தைக் கடையில் பக்கத்தில் நின்று செய்யச் சொல்லுங்கள். காலிபர் இல்லாத சக்கரத்தில் டயரைக் கையால் நன்றாகத் தட்டுங்கள். டிஸ்க் லூசாக இருந்தால் இப்போதும் கலகலக்கும். சத்தமே இல்லை, ஆனால் காலிபரைக் கையில் எடுத்து உலுக்கினால் கலகலக்கிறது என்றால் விஷயம் முடிந்தது, உங்களுக்குத் தேவை ஒரு ஸ்பிரிங்.

காலிபர் கழன்றிருக்கும்போதே வளையத்தைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு பாபினாகப் பாருங்கள். பாபினைச் சுற்றிக் கருப்பாகவோ செம்பழுப்பாகவோ பொடி படிந்திருந்தால் அங்கே உரசல் நடக்கிறது. பல வண்டிகளில் கேரியர் அலுமினியம். அதில் பாபின் உட்காரும் அரைவட்டக் குழியின் ஓரம் ஒரு பக்கமாக நசுங்கிப் பளபளத்தால், அந்த டிஸ்க்கின் ஆயுள் முடிந்துவிட்டது. பாபினில் விரிசல், வாஷர் உடைந்திருப்பது, பாபின் தலை எழும்பி நிற்பது, இதில் எது இருந்தாலும் அதே தீர்ப்பு.

இதற்கு நேர் எதிரான ஒரு கோளாறும் உண்டு. அது சத்தமே போடாது என்பதால் யாரும் கடிதம் எழுதுவதில்லை, ஆனால் எனக்கு அதுதான் அதிகக் கவலை. பாபின் இறுகிப்போவது. பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கம் கடல் காற்றில் நிற்கும் வண்டிகளில் உப்பும் பேடு தூசியும் சேர்ந்து பாபினைச் சிமென்ட் போட்டதுபோல் பூட்டிவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைத் தண்ணீரில் ஓடிய பிறகு இன்னும் மோசம். பத்துப் பாபினில் நான்கு இறுகி ஆறு ஆடினால் வளையம் ஒரு பக்கம் மட்டும் அகல முடியாமல் கோணும். அப்புறம் லீவர் துடிக்கும், சக்கரத்தைச் சுற்றினால் 'ஷ்... ஷ்...' என்று சுற்றுக்கு ஒரு முறை உரசும்.

இறுகிய பாபினுக்கு மருந்து எளிது. நடுவில் ஓட்டை உள்ள பாபின் என்றால், ஒரு போல்ட்டை அதில் நுழைத்து, இரண்டு பக்கமும் வாஷர் வைத்து நட்டால் பிடித்து, பிரேக் கிளீனர் அடித்துக்கொண்டே பாபினை மெல்லச் சுற்ற வேண்டும். அழுக்குக் கரைந்து வெளியே வரும். எல்லாம் ஒரே மாதிரி சுற்றும்வரை செய்ய வேண்டும். இந்த வேலையின்போது பேடு பக்கத்திலேயே இருக்கக்கூடாது. செயின் ஸ்பிரே, துரு நீக்கும் ஸ்பிரே, எண்ணெய் என்று எதையும் பாபினில் விடாதீர்கள். சக்கரம் சுழலும்போது அது வெளியே வீசி டிஸ்க்கின் முகத்துக்குத்தான் வரும்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வாட்டர் சர்வீஸ் கொடுத்தால் கடைசியில் பளபளப்புக்காக வண்டி முழுக்க டீசலோ எண்ணெயோ ஸ்பிரே அடித்துத் தருகிறார்கள். அது டிஸ்க்கிலும் பேடிலும் படும். பேடு ஒரு முறை எண்ணெய் குடித்துவிட்டால் தீயில் காட்டினாலும் உப்புத்தாளில் தேய்த்தாலும் பழைய பிடிப்புக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். கிறீச்சென்று கத்தும், பிரேக் பிடிக்கத் தூரம் கூடும். 'தண்ணி மட்டும் போதும்ணா, ஸ்பிரே வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது பஞ்ச் விவகாரம். பாபினின் தலையைப் பஞ்ச் வைத்து அடித்தால் அது விரிந்து வளையத்தையும் கேரியரையும் ஒன்றாக இறுக்கும். சத்தம் அன்றைக்கே நின்றுவிடும், அதனால்தான் அது நல்ல வேலை மாதிரி தெரிகிறது. ஆனால் நடந்தது என்ன? ஓட்டையின் தேய்மானம் அப்படியே இருக்கிறது. வாஷர் நசுங்கிவிட்டது. அடி வாங்கிய பாபினில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம். எதற்காக இரண்டு துண்டாகச் செய்தார்களோ அந்தக் காரணமே போய்விட்டது. நாலைந்து பாபினை அதிகமாகவும் மற்றதைக் குறைவாகவும் அடித்திருந்தால், நான் மேலே சொன்ன கோணல் நிச்சயம். பிரேஸிங் வைப்பது, ஸ்பாட் வெல்டிங் அடிப்பது, பிசின் பூசுவது எல்லாம் இதன் உறவுகள்தான். பாபின் ஒன்று உடைந்து வளையம் கேரியரிலிருந்து விலகினால் அது காலிபரில் மாட்டி முன் சக்கரத்தை நிறுத்திவிடக்கூடும். பின்னால் மனைவி உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி டிஸ்க்குகளில் பெரும்பாலும் பாபினைத் தனியாக மாற்ற முடியாதபடி அடித்துப் பொருத்தியிருப்பார்கள். அது லூசானால் டிஸ்க்கை மாற்றுவது ஒன்றுதான் வழி. சில வெளிக் கம்பெனி டிஸ்க்குகளுக்கு மட்டும் பாபின், வாஷர், கிளிப் செட்டாகக் கிடைக்கும்.

கனத்தையும் பார்த்துவிடுங்கள். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும், அழுக்கைத் துடைத்தால் தெரியும். சாதாரண வெர்னியரால் அளந்தால் ஏமாறுவீர்கள். பேடு படாத வெளி ஓரம் தேயாமல் வரப்பு போல நிற்கும், வெர்னியர் அந்த வரப்பைத்தான் அளக்கும். மைக்ரோமீட்டரால், பேடு ஓடும் பாதையின் நடுவில், சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் அளக்க வேண்டும். இடத்துக்கு இடம் கனம் மாறினால் லீவர் துடிப்பதற்கு அதுவே காரணம். கோணல் இருக்கிறதா என்று, சிறு அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்க்கலாம். பல கையேடுகள் 0.3 மி.மீ. வரை விடுகின்றன, சில கம்பெனிகள் அதைவிடக் கண்டிப்பு. உங்கள் கடிதத்தில் லீவர் துடிப்பதாக இல்லை என்பதால் இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

பழைய வண்டி வாங்கியவர் என்பதால் இன்னொன்று கேட்கிறேன். உங்கள் அலாய் வீல் பவுடர் கோட்டிங் செய்யப்பட்டதா? செய்திருந்தால், டிஸ்க் உட்காரும் இடத்திலும் போல்ட் ஓட்டையிலும் பெயின்ட்டை மறைத்துவிட்டு அடித்தார்களா என்று பார்க்க வேண்டும். பெயின்ட் மேல் டிஸ்க்கை வைத்து இறுக்கினால் ஒன்று டிஸ்க் நேராக உட்காராது, இல்லை ஓடி ஓடிப் பெயின்ட் நசுங்கிப் போல்ட்டின் இறுக்கம் குறையும். முதலில் லூசான போல்ட்டைத் தேடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் ஆனபிறகு, சக்கரத்தோடு சுற்றும் பல் வளையம் ஒன்றும் டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது தளர்ந்து சென்சாரில் உரசினாலும் சத்தம் வரும், கூடவே மீட்டரில் ஏ.பி.எஸ். விளக்கு எரியும்.

ஒருவேளை டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான் என்று முடிவானால், பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய டிஸ்க் தேடாதீர்கள். கண்ணாடி, ஃபுட்ரெஸ்ட், ஃபேரிங் துண்டு என்று எவ்வளவோ நல்ல பொருள் அங்கே கிடைக்கும், நானே அனுப்பி வைப்பேன். ஆனால் விபத்தான வண்டியிலிருந்து வந்த டிஸ்க்கின் கோணலும், சூட்டில் நீலம் பாய்ந்ததும், கனமும் வாங்கும் இடத்தில் தெரியாது. புதிதாக வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, இன்னொன்று கனமும் பாபினும் சரியாக இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். ஆனால் புது டிஸ்க்குக்குப் பழைய பேடு வேண்டாம், இரண்டு பக்கமும் பேடு புதிதாகவே இருக்கட்டும். இடது வலது பார்த்து, சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் அதையும் பார்த்து மாட்ட வேண்டும்.

போல்ட் கழற்றுவதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பெனியில் லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) போட்டிருப்பார்கள், பலம் கொடுத்தால் அலன் தலை வழுக்கிவிடும். ஹீட் கன்னால் போல்ட் தலையைச் சூடாக்கினால் லாக்டைட் இளகும், பிறகு சுலபமாக வரும். மாட்டும்போது புது போல்ட், சுத்தம் செய்த மரை, நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அடுத்த முறை கழற்றுகிறவர் பாவம். எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். எவ்வளவு டார்க் என்று வீடியோக்களைப் பார்த்து எடுக்காதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் 8 மி.மீ. போல்ட்டுக்கே கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறுகிறது, உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருப்பதை மட்டும் எடுங்கள்.

பாண்டிச்சேரிப் பயணம் பற்றி. கோடு உடையவில்லை, பாபின் எல்லாம் சுத்தமாகச் சுற்றுகின்றன, சத்தம் பேடு ஸ்பிரிங்கால்தான் என்றால், அதை மாற்றிவிட்டுத் தாராளமாகப் போங்கள். ஸ்பிரிங் வாங்கும்போது வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள், அதே காலிபர் மாதிரி தெரியும் வேறு மாடலின் ஸ்பிரிங் உட்காராது. சுழலும் திசையில் கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம், கேரியரில் நசுங்கல், லூசான போல்ட், இதில் எது இருந்தாலும் இந்த வண்டியில் போகாதீர்கள். பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள், டிஸ்க் வந்தபிறகு இன்னொரு முறை வண்டியில் போகலாம்.

டிஸ்க்கோ பேடோ எது மாற்றினாலும், அதை நேராக நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். அதிகாலையில், வண்டி அதிகம் இல்லாத நேரான சாலையில், 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரைக்கும் மிதமாகப் பிரேக் பிடித்துக் குறையுங்கள், முழுசாக நிறுத்தாதீர்கள். கொஞ்ச தூரம் காற்றில் ஆறவிட்டு மறுபடி செய்யுங்கள். சுமார் பத்து முறை செய்தால் பேடு டிஸ்க்கில் சமமாகப் படியும். அதற்கும் முன்னால், காலிபரைக் கழற்றி மாட்டிய வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்குவதற்குள் லீவரைப் பல முறை அழுத்துங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்கும், முதல் இரண்டு மூன்று அழுத்தலுக்கு லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிடும், பிரேக்கே இருக்காது. லீவர் கெட்டியான பிறகுதான் வண்டியில் ஏற வேண்டும். இதை அந்தக் கடைக்காரரே செய்திருந்தாலும் நீங்களும் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

அந்த ஸ்லோமோஷன் வீடியோவை எனக்கும் அனுப்புங்கள் தம்பி. இடது, வலது இரண்டு டிஸ்க்கும் தனித்தனியாகத் தெரியட்டும், கூடவே பேடின் இரண்டு பக்கத்துப் படமும் வேண்டும். பார்த்துவிட்டு எதை மாற்றுவது என்று எழுதுகிறேன்.